பால்நாள அடைப்பும் மார்பக அழற்சியும்: இயன்முறை மருத்துவம்

பால்நாள அடைப்பு என்பது பாலூட்டும் தாயின் மார்பகத்தில் ஏதேனும் ஒரு பகுதியில் பால் தேங்கி, தொட்டால் வலிக்கும் தடிப்பு உண்டாகும் நிலையாகும். அந்தப் பகுதி சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்தால் அது மார்பக அழற்சி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இரண்டையும் 'பால் கட்டிக்கொண்டது' என்றே சொல்வர். பிரசவத்திற்குப் பின் முதல் 12 வாரங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தாய்மார் பாலூட்டுவதைப் பாதியில் நிறுத்திவிடுவதற்கு இந்த வலி ஒரு முக்கியக் காரணமாகும்.

மருந்து, பாலூட்டும் முறையில் திருத்தம் ஆகியவற்றுடன் இயன்முறை மருத்துவமும் இதற்கான சிகிச்சையில் இடம்பெறுகிறது. 'அடைப்பை அழுத்தி வெளியேற்றுதல்' இதன் நோக்கமாக முன்பு கருதப்பட்டது. இன்று 'வீக்கத்தைத் தணித்துப் பால் தானாக ஓட வழிசெய்தல்' என்பதே நோக்கமாகியுள்ளது.

மார்பகத்தின் உள்ளமைப்பு

பால், மார்பகத்தினுள் உள்ள மிக நுண்ணிய பைகளில் சுரக்கிறது. இப்பைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பி, ஒன்றோடொன்று இணைந்து, காம்பை நோக்கிச் செல்கின்றன. இவையே பால்நாளங்கள். நாளங்களைச் சுற்றிக் கொழுப்பு, இரத்தக் குழாய்கள், நிணநீர்க் குழாய்கள் ஆகியவை உள்ளன.

ஆங்கிலேய அறுவை மருத்துவரான ஆஸ்ட்லி கூப்பர் மார்பகங்களை அறுத்து ஆராய்ந்து 1840இல் ஒரு நூல் வெளியிட்டார். பாடநூல்களில் இருந்த விளக்கங்கள் நெடுங்காலம் அந்நூலையே சார்ந்திருந்தன. 2005இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரின் மார்பகங்களை மீயொலிக் கருவியால் ஆராய்ந்தனர். காம்பருகே காணப்பட்ட முதன்மை நாளங்கள் சராசரியாக 9 மட்டுமே. அவற்றின் விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அவை தோலுக்கு மிக அருகில் ஓடுவதும், சிறிது அழுத்தினாலே நசுங்குவதும் அவ்வாய்வில் தெரியவந்தன. மார்பகத்தைப் பலமாகப் பிசைவது ஏன் பயன் தருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த உண்மை உதவுகிறது.

எவ்வாறு ஏற்படுகிறது?

கெட்டியான பால் ஒரு தக்கையைப் போல நாளத்தை அடைத்துக்கொள்கிறது என்பது பழைய விளக்கம். பன்னாட்டு அமைப்பான பாலூட்டல் மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி வேறு விளக்கத்தை முன்வைத்தது. அதன்படி, நாளத்தைச் சுற்றியுள்ள திசு வீங்குகிறது. வீக்கம் வெளியிலிருந்து அழுத்துவதால் நாளம் குறுகுகிறது. பால் ஓட வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய பால் வீக்கத்தை மேலும் கூட்டுகிறது.

இந்நிலை தணியாவிட்டால் அழற்சி பரவிக் காய்ச்சல் வரலாம். பாக்டீரியாத் தொற்றும் சேரலாம். தொற்றை உண்டாக்குவதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா முதன்மையானது. சிகிச்சை தாமதமானால் சீழ்க்கட்டி உருவாகலாம். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், மார்பக அழற்சிக்கு உள்ளானவர்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினருக்குச் சீழ்க்கட்டி ஏற்பட்டது.

இதற்கு இடமளிக்கும் காரணங்களுள் சில:

- குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாமல் காம்பை மட்டும் சப்புதல்
- பாலூட்டும் வேளைகள் திடீரெனத் தவறுதல்
- குழந்தையின் தேவைக்கு மேல் பாலைப் பீச்சி எடுப்பதால் சுரப்பு அதிகரித்தல்
- காம்பில் வெடிப்பு
- இறுக்கமான உள்ளாடை, பையின் பட்டை போன்றவற்றால் ஏற்படும் அழுத்தம்

வழக்கத்தில் உள்ள முறைகளும் அவற்றின் விளைவுகளும்

பலமாகப் பிசைதல்: வீட்டிலுள்ள பெரியவர்களோ, சில வேளைகளில் செவிலியரோ கட்டியைக் கையால் அழுத்திக் கரைக்க முயல்வதுண்டு. ஏற்கெனவே வீங்கியிருக்கும் திசுவில் இதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் காயமடையும், வீக்கம் கூடும். தாய் தாங்கமுடியாத வலிக்கு ஆளாவதுடன், பாலூட்டுவதற்கே அஞ்சும் நிலையும் ஏற்படும்.

முழுவதும் வடித்தல்: கட்டி கரையும் வரை பாலைப் பீச்சி எடுக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாக உள்ளது. ஆனால் எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே சுரப்பும் அமைகிறது. தேவைக்கு மேல் எடுத்தால் சுரப்பு கூடி, அதே சிக்கல் மீண்டும் வரும்.

வெந்நீர் ஒத்தடம்: வெப்பம் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வதால் வீக்கம் கூடலாம். எனினும் சில தாய்மாருக்குப் பாலூட்டுவதற்குச் சற்று முன் இதமான சூடு கொடுப்பது ஆறுதலாக இருக்கும். கொதிக்கும் சூட்டில் நெடுநேரம் ஒத்தடம் கொடுப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

மல்லிகைப்பூ கட்டுதல்: தென்னிந்தியாவில் பால் கட்டினால் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனைப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மருந்துடன் ஒப்பிட்டு ஆராய்ந்து, மல்லிகைப்பூவும் சுரப்பைக் குறைப்பதாக 1988இல் தெரிவித்தனர். குழந்தையை இழந்த தாய் போன்றோருக்குப் பயன்படக்கூடிய இம்முறை, தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாய்க்கு ஏற்றதன்று.

இயன்முறை மருத்துவச் சிகிச்சைகள்

மதிப்பீடு: இயன்முறை மருத்துவர் முதலில் வலியின் இடம், சிவப்பின் பரப்பு, காய்ச்சல், காம்பின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். குழந்தை மார்பைப் பற்றும் முறையையும் தாய் அமரும் முறையையும் கவனிப்பார். தொற்றோ சீழ்க்கட்டியோ இருப்பதாக ஐயம் எழுந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவார்.

நிணநீர் வடிப்பு: திசுவில் தேங்கும் மிகை நீரை நிணநீர்க் குழாய்களே வெளியேற்றுகின்றன. மார்பகத்தின் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கிறது. இச்சிகிச்சையில் தாய் மல்லாந்து படுத்திருப்பார். முதலில் காறை எலும்பின் மேற்பகுதியிலும், பின்னர் அக்குளிலும் விரல்களால் மென்மையாக வட்டமிட்டு வருடப்படும். அதன்பின் காம்பின் பக்கத்திலிருந்து அக்குளையும் காறை எலும்பையும் நோக்கித் தோல் சற்றே நகரும் அளவுக்கு மட்டும் தடவப்படும். உறங்கும் குழந்தையின் கன்னத்தை வருடும் அளவு அழுத்தமே போதுமானது. வலித்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். கற்றுக்கொண்ட பின் தாயே இதை வீட்டில் செய்யலாம்.

குளிர் ஒத்தடம்: பனிக்கட்டியை அல்லது குளிர்ப் பையைத் துணியில் சுற்றி, ஏறக்குறைய 10 நிமிடம் வைப்பது வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். இதை ஒரு நாளில் பலமுறை செய்யலாம். குளிரூட்டிய முட்டைக்கோஸ் இலைகளை வைப்பதும் ஓரளவு பயன் தருவதாகச் சில ஆய்வுகள் கூறினாலும் அதற்கான சான்று வலுவானதன்று.

மீயொலிச் சிகிச்சை: ஒலி அலைகளைத் திசுவினுள் செலுத்தும் இம்முறை பல நாடுகளில் இயன்முறை மருத்துவர்களால் பயன்படுத்தப்படுகிறது. மேற்கூறிய 2022ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி, 1 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட் செறிவில், நாளொன்றுக்கு 5 நிமிடம் எனப் பரிந்துரைக்கிறது. ஆனால் இதன் சான்று ஒருமுகமானதாக இல்லை. 1991இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பால் நிறைந்து மார்பு கல்போல் இறுகிய தாய்மார் இரு பிரிவாக்கப்பட்டனர். உண்மையான மீயொலி பெற்றவர்களுக்கும், ஒலி அலை வெளிப்படாத கருவியால் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி ஒரே அளவில் குறைந்தது. ஆகவே பிற முறைகளுடன் துணையாக மட்டுமே, பயிற்சி பெற்றவர் கையால் இது அளிக்கப்பட வேண்டும்.

தாங்கு உள்ளாடையும் உடற்பயிற்சியும்: மார்பகத்தைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் இறுக்காத உள்ளாடை நீர் தேங்குவதைக் குறைக்கும். குனிந்தபடியே நெடுநேரம் பாலூட்டுவதால் கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றில் வரும் வலிக்கு எளிய நீட்டல் பயிற்சிகள் கற்றுத்தரப்படும். குழந்தையை மார்புக்குக் கொண்டுவருமாறு தலையணை வைத்துச் சாய்ந்து அமர்வது நல்லது.

பாலூட்டுவதை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. வலியுள்ள மார்பில் பால் கொடுத்தால் குழந்தைக்கு நோய் வரும் என்ற அச்சம் பல வீடுகளில் உள்ளது. நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு அந்தப் பால் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திடீரென நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டி உருவாகும் வாய்ப்பு கூடும். குழந்தை கேட்கும்போதெல்லாம் வழக்கம்போல் கொடுக்க வேண்டும். மார்பைக் காலி செய்வதற்கென்று கூடுதலாகக் கொடுக்கவோ பீச்சவோ தேவையில்லை. குழந்தை அந்தப் பக்கம் குடிக்க மறுத்தால், இறுக்கம் தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சி எடுக்கலாம். வலிக்கும் வீக்கத்திற்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் ஆகியவற்றைப் பாலூட்டும் காலத்திலும் மருத்துவர் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்ளலாம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

- 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல், அதாவது 101.3 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம்
- வீட்டுப் பராமரிப்பில் 24 மணி நேரத்திற்குள் குறையாத சிவப்பும் வலியும்
- காம்பிலிருந்து சீழ் அல்லது இரத்தம் வருதல்
- தொட்டால் நீர் தளும்புவது போன்ற, தெளிவான எல்லையுடைய கட்டி
- சில வாரங்கள் ஆகியும் கரையாத கட்டி, அல்லது தோல் தடித்து ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தோன்றுதல்

தொற்று உறுதியானால் மருத்துவர் பொதுவாக 10 முதல் 14 நாட்களுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தருவார். இரண்டு நாட்களில் காய்ச்சல் விட்டாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. சீழ்க்கட்டியாக இருந்தால் மீயொலிப் படத்தின் உதவியுடன் ஊசி வழியே சீழ் அகற்றப்படும். கரையாத கட்டியைப் 'பால்கட்டிதான்' என்று விட்டுவிடாமல் பரிசோதிப்பது இன்றியமையாதது. அரிதாக மார்பகப் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வருவதுண்டு. இந்நிலைகளில் இயன்முறை மருத்துவத்தை மட்டும் நம்பிக் காலம் கடத்துவது ஆபத்தாகும்.

தடுக்கும் முறைகள்

பிரசவமான முதல் சில நாட்களிலேயே குழந்தை காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய்நிறையப் பற்றுகிறதா என்று செவிலியர் உதவியுடன் உறுதி செய்துகொள்ள வேண்டும். பாலூட்டும் இடைவெளியைத் திடீரென நீட்டக் கூடாது. வேலைக்குத் திரும்பும் தாய்மார் குழந்தை குடிக்கும் நேரங்களை ஒட்டியே பாலைப் பீச்சி எடுப்பது நல்லது. பால்மறக்கச் செய்யும்போது ஒவ்வொரு வேளையாகச் சில வாரங்களில் குறைக்க வேண்டும். இவற்றுடன் தாய்க்குப் போதிய உறக்கமும், வீட்டு வேலைகளில் குடும்பத்தினரின் உதவியும் கிடைக்க வேண்டும்.