ஒரே விளையாட்டு, இரண்டு முகங்கள்

நுழையும்முன்

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது நம் கண்ணில் முதலில் படுவது அதன் உறையே. உறையில் உள்ள படம், உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிய செய்தியைச் சொல்கிறதா? அல்லது நம்மை அருகில் அழைக்க மட்டும் பயன்படுகிறதா? ஒரே காணொளி விளையாட்டுக்கு இரண்டு நாடுகளில் அமைந்த இரண்டு அட்டைப்படங்களின் வழியாக இதனை அறிந்துகொள்வோம்.

பெட்டியில் வந்த விளையாட்டு

மாணவர்களே! இன்று ஒரு விளையாட்டைப் பெறுவதற்குக் கைப்பேசித் திரையை விரலால் தொட்டாலே போதும். 1990களின் தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. அக்கால விளையாட்டுகள் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய நெகிழிப் பேழைகளில் பதிவு செய்யப்பட்டிருந்தன. அப்பேழை ‘கார்ட்ரிட்ஜ்’ எனப்பட்டது. தொலைக்காட்சியுடன் இணைந்த விளையாட்டுக் கருவியில் அதனைச் செருகி விளையாடுவர்.

ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 50 டாலர் அல்லது அதற்கும் மேல். பிள்ளைகளுக்கு அது பெருந்தொகை. வாங்குவதற்கு முன் விளையாடிப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடிப் பார்க்கும் வழக்கமும் அப்போது பரவவில்லை. எனவே, பெட்டியின்மேல் இருந்த படமே பலருக்கும் வழிகாட்டியாக அமைந்தது.

கருவிக்கும் இரண்டு தோற்றங்கள்

ஜப்பானைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் 1990 நவம்பரில் தன் நாட்டில் ஒரு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் பெயர் ‘சூப்பர் ஃபாமிகாம்’. அதே கருவி 1991 ஆகஸ்டில் அமெரிக்காவிற்குச் சென்றபோது ‘சூப்பர் நிண்டெண்டோ’ என்ற பெயரைப் பெற்றது. பெயருடன் தோற்றமும் மாறியது. ஜப்பானியக் கைப்பிடியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு வண்ணங்களில் பொத்தான்கள் இருந்தன. அமெரிக்கக் கைப்பிடியில் அவை ஊதா நிறத்தின் இரண்டு சாயல்களாக மாறின. ஜப்பானில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் அமெரிக்கக் கருவிக்குள் பொருந்தாதவாறு வடிவமும் மாற்றப்பட்டது. ஆயினும், உள்ளே இருந்த பொறியமைப்பு அடிப்படையில் ஒன்றே.

கருவிக்கு நேர்ந்ததே அதில் ஓடிய விளையாட்டுகளுக்கும் நேர்ந்தது. அதற்குச் சிறந்த சான்று ‘ஃபேலங்க்ஸ்’ என்னும் விளையாட்டாகும்.

ஃபேலங்க்ஸ்

பண்டைய கிரேக்க வீரர்கள் கேடயத்தோடு கேடயம் சேர்த்து நெருங்கி நின்று போரிட்ட அணிவகுப்பிற்கு ஃபேலங்க்ஸ் என்று பெயர். இவ்விளையாட்டில் கிரேக்க வீரர் எவரும் இல்லை. ஒரு விண்கலத்தின் பெயராகவே இச்சொல் வருகிறது. விளையாடுபவர் அவ்விண்கலத்தைத் தனியொருவராகச் செலுத்த வேண்டும். திரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். எதிரே வரும் பகைக்கலங்களைச் சுட்டு வீழ்த்தி முன்னேறுவதே நோக்கம்.

ஜூம் என்னும் ஜப்பானிய நிறுவனம் இதனை 1991ஆம் ஆண்டு ஷார்ப் நிறுவனத்தின் எக்ஸ் 68000 கணினிக்காக உருவாக்கியது. அடுத்த ஆண்டு, சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு ஏற்ற வடிவத்தைக் கெம்கோ நிறுவனம் வெளியிட்டது. 1992ஆம் ஆண்டிலேயே அது அமெரிக்கக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஜப்பானியப் பெட்டியின் படத்தில் விண்கலமே முதலிடம் பெற்றது. அதைக் காண்பவர், இது விண்வெளிப் போர் விளையாட்டு என்று உடனே அறிந்துகொள்வார்.

அமெரிக்கப் பெட்டியோ காண்பவரைத் திகைக்கச் செய்தது. அதில் நரைத்த தாடியுடன் ஒரு முதியவர் காணப்படுகிறார். தலையில் தொப்பி, உடலில் நாட்டுப்புற உழைப்பாளர் அணியும் உடை. அவர் அமைதியாகப் பாஞ்சோ என்னும் நரம்புக்கருவியை மீட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், தொலைவில் ஒரு விண்கலம் மிதக்கிறது. அந்த முதியவர் விளையாட்டில் எங்குமே வருவதில்லை. பாஞ்சோவின் இசையும் அதில் இல்லை.

படத்தின் பின்னே இருந்த காரணம்

அமெரிக்கக் கடைகளில் அப்போது விண்கல விளையாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கிரேடியஸ் 3, சூப்பர் ஆர்-டைப் ஆகியவை 1991ஆம் ஆண்டிலேயே அதே கருவிக்கு வந்துவிட்டன. இவ்வகைப் பெட்டிகளில் எல்லாம் கலம், வெடிப்பு, விண்மீன்கள் என ஒரே தன்மையுடைய படங்கள் மிகுந்திருந்தன. அவற்றிடையே மேலும் ஒரு விண்கலப் படத்தை வைத்தால் எவர் கண்ணும் அதில் நிற்காது என்று விளம்பர வடிவமைப்பாளர்கள் கருதினர். யாரும் எதிர்பாராத ஒரு படத்தை வைத்தால், ‘இது என்ன?’ என்று எண்ணியாவது பெட்டியைக் கையில் எடுப்பர் என்பது அவர்களது கணிப்பு. பின்னாளில் அவர்களே இவ்விளக்கத்தை அளித்துள்ளனர்.

பாஞ்சோவைத் தேர்ந்ததிலும் ஒரு பொருத்தம் உண்டு. அக்கருவியின் வேர் ஆப்பிரிக்காவில் உள்ளது. அடிமைகளாக அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வழியாக அது அங்கே உருப்பெற்றது. காலப்போக்கில், மலைப்பகுதிச் சிற்றூர்களின் நாட்டுப்புற இசைக்கருவியாகவும் அறியப்பட்டது. எனவே, பாஞ்சோ மீட்டும் முதியவரைக் கண்டதும் அமெரிக்கர் மனத்தில் சிற்றூரும் பழமையும் அவசரமில்லாத வாழ்வும் தோன்றும். மின்னல் வேக விண்கலத்தின் அருகில் அவரை அமர்த்தியதால் முரண் பிறந்தது. முரணால் நகைச்சுவை பிறந்தது. பாஞ்சோவைப் பற்றிய இந்த நினைவுகள் இல்லாத ஒருவருக்கு அப்படம் புதிராகத் தோன்றலாம். நகைச்சுவை முழுமையாக எட்டாது. சொல்லைப் போலவே படமும் காண்பவரின் பண்பாட்டைச் சார்ந்தே பொருள் தருகிறது.

எது நல்ல அட்டைப்படம்?

இவ்வினாவிற்கு இரு வகையாக விடை கூறலாம். உள்ளிருப்பதை நேர்மையாகக் காட்டுவதே உறையின் கடமை என்பது ஒரு கருத்து. சேமித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நிற்கும் சிறுவனுக்கு அப்படம் உதவவில்லை; விண்கல விளையாட்டைத் தேடி வந்தவன்கூட அதைக் கடந்து சென்றிருக்கலாம். கவனிக்கப்படாத பொருளுக்கு நேர்மையான உறை இருந்தும் பயனில்லை என்பது மற்றொரு கருத்து. அப்படம் பொய்யான வாக்குறுதி எதையும் அளிக்கவில்லை. இல்லாத சிறப்பை இருப்பதாகக் கூறவும் இல்லை. பின்னணியில் விண்கலத்தையும் அது காட்டவே செய்தது.

இன்று ஃபேலங்க்ஸ் என்றதும் விளையாட்டு ஆர்வலர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் அந்த முதியவரே. விளையாட்டின் நிறைகுறைகளைப் பேசுவோரைவிட அட்டையைப் பேசுவோரே மிகுதி. கவனத்தை ஈர்க்கும் நோக்கம் நிறைவேறியது. ஆனால், உறை பெற்ற புகழை உள்ளே இருந்த விளையாட்டு பெறவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் இப்படம் பேசப்படுவதால், அதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா என்பது இன்றும் சுவையான விவாதமாகும்.

வாங்குவோர் இதிலிருந்து அறிய வேண்டியது எளிது. பெட்டியின் முன்பக்கம் நம்மை அழைக்கும். விளையாட்டுக் காட்சிகளும் விளக்கமும் பொதுவாகப் பின்பக்கத்தில் இருக்கும். பணத்தை எடுக்கும் முன் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நலம்.

சொல்லும் பொருளும்

பேழை – பெட்டி, கூடு
நெகிழி – பிளாஸ்டிக்
சாயல் – நிறத்தின் வேறுபட்ட தோற்றம்
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபட்ட தன்மை

மதிப்பீடு

1. 1990களில் அட்டைப்படம் முதன்மை பெற்றதற்குரிய காரணங்கள் யாவை?
2. ஜப்பானிய, அமெரிக்க அட்டைப்படங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை எழுதுக.
3. பாஞ்சோ மீட்டும் முதியவரின் படம் நகைச்சுவையாக அமைந்தது எவ்வாறு?

கற்பவை கற்றபின்

தமிழ்நாட்டிலிருந்து உங்கள் வீட்டிற்கு வந்த ஒரு பொருளின் உறையையும், நீங்கள் வாழும் ஊரில் வாங்கிய அதே வகைப் பொருளின் உறையையும் அருகருகே வைத்து நோக்குக. மொழி, படம், வண்ணம் ஆகியவற்றில் காணும் வேறுபாடுகளை ஐந்து தொடர்களில் எழுதுக.