தண்ணீரில் மூடு, தரையில் திற

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கார் நம்பர் பிளேட்டிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று பொறித்திருக்கும். கோடையில் வார இறுதி வந்துவிட்டால், காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏறிச் செல்லும் சிறு மோட்டார் படகுகள் சாலையெங்கும் தென்படும். அந்தப் படகுகளின் பின்பலகையில், அடிப்பாகத்தை ஒட்டி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை ஒன்று இருக்கும். உடைசல் அல்ல, படகைச் செய்தவர்களே வைத்தது. அதை அடைக்கும் சிறிய மூடிதான் டிரெய்ன் பிளக்.

மழை, அலைத் தெறிப்பு, நங்கூரக் கயிற்றில் ஒட்டி வரும் ஈரம் என்று படகுக்குள் எப்படியும் தண்ணீர் சேரும். அது தளத்துக்குக் கீழே உள்ள ‘பில்ஜ்’ என்னும் பள்ளத்தில் தங்கும். கரையேற்றிய படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி பிளக்கைக் கழற்றினால் போதும், பெரும்பகுதி தானாகவே வடிந்துவிடும்.

மாட்ட மறந்து படகை இறக்கினால்? துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர், அது நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் உள்ளே பாயும். இதே வேகம் நீடித்தால் பத்து நிமிடத்தில் 350 கிலோ; ஐந்து பேர் கூடுதலாக ஏறிய சுமை. ஆட்களாவது உட்கார்ந்த இடத்தில் இருப்பார்கள். தண்ணீரோ படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். பம்பு இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. மணிக்கு 500 கேலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் இறைக்கும் என்று விற்கும் சிறிய பம்பைவிடத் துளை வழியே வருவது அதிகம்.

இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. படகு வேகமெடுத்து நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடும்போது தண்ணீர் பின்பலகையைவிட்டு விலகிவிடும். உள்ளே இருப்பதுகூட வெளியே வடியும். தூண்டில் போடலாமென்று என்ஜினை நிறுத்தியதும்தான் வெள்ளம் புகும்.

பிளக்கில் இரண்டு வகை பரவலாகப் புழங்குகிறது. ஒன்று, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, நைலான் ஆகியவற்றில் வரும் மரை மூடி. மரை கோணலாக ஏறினால் இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் கசியும். ஆகவே முதல் சில சுற்றுகளைக் கையால் திருகிவிட்டுப் பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். அலுமினியப் படகில் பித்தளை மூடியைப் போட்டால், அதிலும் உப்புநீரில், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கும். அங்கே நைலான் நல்லது. மற்றொன்று ரப்பர் பிளக். துளையில் செருகி நெம்பை மடக்கினால் ரப்பர் பக்கவாட்டில் உப்பி அடைத்துக்கொள்ளும். வெயிலில் ரப்பர் வெடிப்பு விட்டால் அதை மாற்றியாக வேண்டும்.

கரையேறியதும் திறப்பதும் அதே அளவு முக்கியம். பில்ஜில் தங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து பம்பையும் குழாயையும் பிளந்துவிடும். எண்ணெய் மிதந்தால் மட்டும் முதலில் அதைத் துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

மினசோட்டாவில் திறப்பது சட்டக் கடமையும்கூட. கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி 1988இல் அமெரிக்கா, கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. கப்பல்கள் ஆடாமல் நிலைத்திருக்க அடியில் ஏற்றிக்கொள்ளும் நீரில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். குடிநீர்க் குழாய்களுக்குள் அடையடையாக ஒட்டி வழியை அடைத்துவிடும் பிராணி இது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. பில்ஜில் தேங்கிய நீரிலேயே அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால்தான் பிளக்கைக் கழற்றி, நீரை வடித்து, திறந்த நிலையிலேயே படகைச் சாலையில் கொண்டுபோக வேண்டும் என்று அங்கே விதி. மீன் போட்டு வைக்கும் தொட்டியின் பிளக்குக்கும் இதுவே பொருந்தும்.

விதியைக் கடைப்பிடிப்பவரின் படகு ஒவ்வொரு முறையும் ஓட்டையோடுதான் துறைக்கு வந்து சேரும். ஆகவே கழற்றிய பிளக்கை என்ஜின் சாவியோடு கோத்து வையுங்கள். டிரெய்லர் நீரில் இறங்கியதும், பின்பட்டையை அவிழ்த்திருந்தாலும் முன்கொக்கியை விடுவிக்காமல், ஒரு நிமிடம் பில்ஜைப் பாருங்கள். தண்ணீர் ஏறினால் கொக்கி மாட்டியபடியே படகை மேலே இழுத்துவிடலாம். மாற்று பிளக் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும்.