பந்தி சரியா, மகள்?

"எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினேன், புள்ளிதான் இல்லை" என்று ஒப்படைத் தாளோடு கல்லூரியிலிருந்து வரும் மகள்மார் பல வீடுகளில் உண்டு. விஷயம் தெரியாமலில்லை, பந்திதான் அமையவில்லை.

இலவசக் கல்வி பற்றி இப்படி ஒரு பந்தி என்று வைத்துக்கொள்வோம்: "1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தார். மத்திய கல்லூரிகள் தோன்றின. கல்வி மிக முக்கியமானது. கிராமத்துப் பிள்ளைகளும் படித்தனர்."

வசனங்களில் பிழையில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பும் இல்லை. சொல்ல வந்தது கடைசி வசனத்தில் ஒளிந்து கிடக்கிறது. அதை முன்னுக்கு எடுங்கள்:

"கிராமத்துப் பிள்ளைகள் மேலே படிக்கக் கட்டண நீக்கம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 1945இல் கட்டணம் நீங்கினாலும், நல்ல பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தன. கன்னங்கராவின் காலத்தில் கிராமப் பகுதிகளில் தோன்றிய மத்திய கல்லூரிகளே அந்தத் தூரத்தைக் குறைத்தன."

"கல்வி மிக முக்கியமானது" போய்விட்டது. அழகான வசனம் என்று பிள்ளைக்கு வெட்ட மனம் வராது. யார் கட்டுரையிலும் பொருந்தும் வசனம் நம் கட்டுரைக்கு எதற்கு?

எழுதிய கையோடு திருத்தினால் பிழை கண்ணில் படாது. மறுநாள் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாடம் தெரியாத உம்மாவும் அடுப்படியில் நின்றபடியே கேட்கலாம். ஒவ்வொரு பந்தி முடிவிலும் "அதனால் என்ன மகள்?" என்று கேளுங்கள். அவள் வாயால் சொல்லும் பதில் தாளில் இல்லையென்றால், அதையே எழுதச் சொல்லுங்கள்.