வினைச்சொல் எங்கே நிற்கிறது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால், யானைக்கவுனிச் சந்துகளில் மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் ஒப்பிக்கும் குரல் கேட்கும். ஆங்கிலக் கட்டுரையும் கடிதமும் மனப்பாடமாகிவிடும். இலக்கணமோ கடைசி இரவுக்குத் தள்ளப்படும். முன்பு ஆங்கிலத்திற்கு இரு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாள். ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் ஈட்ட இனி வழியில்லை.

பிழை நேர்வது அறிவுக் குறைவாலன்று. இப்பகுதியில் வழங்கும் தமிழ், உருது, தெலுங்கு, இந்தி, குஜராத்தி ஆகிய அனைத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியிலேயே நிற்கும். "நான் சோறு உண்டேன்" என்கிறோம். ஆங்கிலமோ "ஐ ஏட் ரைஸ்" என்று எழுவாயை அடுத்தே வினையை வைக்கிறது. ஐந்து மொழி புழங்கும் தெருவில் வளரும் பிள்ளைக்கும் இவ்வொழுங்கு புதிதே! ஆகவே, கலைந்த சொற்களை வரிசைப்படுத்தும் வினாவில் முதலில் வினையைத் தேடி அடிக்கோடிடட்டும். செய்தவர் யார் எனக் கேட்டு அச்சொல்லை அதன் முன் எழுதட்டும். கேள்விக்குறி இருப்பின் துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்துவிடும்.

பிறர் கூற்றில் இடர் அதிகம். "'நான் நாளை வருவேன்' என்று சொன்னான்" எனத் தமிழ் சொன்னதைச் சொன்னபடியே வைக்கும். ஆங்கிலத்தில் 'ஐ' 'ஹி' ஆகும். 'வில்' 'வுட்' ஆகும். 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆகும். மூன்றையும் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும். செயப்பாட்டுவினைக்கு அஞ்ச வேண்டா. 'எழுதப்பட்டது' நம்மிடமே உண்டு.

ஆங்கிலம் அறியாத தாய்மாரும் உதவலாம். பிள்ளை எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் செய்து, "செய்தவர் யார்? செயல் எது?" என வினவி, ஏட்டில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் தடுமாறும் வாக்கியத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரட்டும்.