1152 கிலோமீட்டரும் ஒரு மாரடைப்பும்

2002ஆம் ஆண்டு. டெல்லியிலிருந்து ஜார்க்கண்டின் நிமியாகாட்டுக்கு லாரி ஓட்டிப் போனார் ஒரு டிரைவர். தூரம் 1152 கிலோமீட்டர். ஊரை நெருங்கும்போது உடம்பு என்னவோ செய்யவே, வண்டியை ஓரங்கட்டினார். அப்படியே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

லாரி எதன்மீதும் மோதவில்லை. அப்படியானால் இது விபத்தா?

அப்போது நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இழப்பீடு கிடைக்க, வேலையின்போது, அந்த வேலையின் காரணமாகவே விபத்துக் காயம் நேர்ந்திருக்க வேண்டியிருந்தது. சில நோய்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டியது. அதன் மூன்றாம் அட்டவணையில் கல்தூசியால் வரும் சிலிகோசிஸ், பஞ்சாலைத் தூசியால் வரும் பைசினோசிஸ் போன்றவை தொழில்நோய்களாகவே இடம்பெற்றிருந்தன. உரிய வேலையை உரிய காலம் செய்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொண்டது. மாரடைப்பு அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. முதலாளிக்கும் வரும், மூட்டை தூக்குபவருக்கும் வரும் என்பதால், வேலைதான் காரணம் என்று குடும்பத்தார்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்த நிரூபணம் எங்கே சறுக்கும் என்பதை 2006இல் தீர்ப்பான நெல்லூர் மின்நிலைய வழக்கு காட்டியது. பணியிடத்திலேயே இறந்த தொழிலாளி அவர். ஆனால் நெஞ்சு நோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர். அவருடைய வேலை சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான்; அதில் உடலை வருத்த ஏதுமில்லை என்றார் மருத்துவர். உச்ச நீதிமன்றத்திலும் மனைவியின் கோரிக்கை தோற்றது. அடுத்த ஆண்டே, வண்டியில் போகும்போது நெஞ்சுவலி வந்து இறந்த இளம் கிளீனரின் குடும்பத்துக்கும் அதே கதிதான். வேலைப் பளுதான் காரணம் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்றது நீதிமன்றம்.

ஆனால் கிளீனர் வழக்கின் தீர்ப்பிலேயே ஒரு வாசலும் திறந்திருந்தது. வேலை மட்டுமே காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்த நோயை வேலை முற்றச் செய்திருந்தாலும் போதும். அதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரமும் வேண்டாம். அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நியாயமான மனிதர் ஒப்புக்கொண்டால் சரி. 2012 டிசம்பரில் ஜார்க்கண்டுக்கு லாரி ஓட்டிய அந்த டிரைவரின் வழக்கு அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. உயர் நீதிமன்றம் மறுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. நீண்ட தூரம் லாரி ஓட்டுபவருக்கு அழுத்தம் இருக்கவே செய்யும் என்று நீதிபதிகள் ஏற்றார்கள்.

இத்தகைய வழக்குகளில் குடும்பங்கள் பெரும்பாலும் நம்பிக்கொண்டு வருவது மரணச் சான்றை. அதில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று இருக்கும். யார் செத்தாலும் அவை நிற்கத்தான் செய்யும்! கடைசி இரண்டு நாள் இறந்தவர் தூங்கினாரா, மாற்று டிரைவர் இருந்தாரா, சுமை எவ்வளவு என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது. யாராவது சொன்னால்தான் எழுதுவார். லோடு ஏற்றிய ரசீது, டோல் சீட்டு, ஜிபிஎஸ் பதிவு, கூட வந்த கிளீனரின் வாக்குமூலம் ஆகியவைதான் அந்த நாள்களைச் சொல்லும். அவற்றில் பாதி லாரி உரிமையாளரின் மேஜையில் இருக்கும்.