நூறு பாதாமும் நாலு இட்லியும்

பத்து வருஷத்துக்கு முன்பு தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்திகளில் ஒரு புது வகை விருந்தாளி தென்பட ஆரம்பித்தார். இலையில் சோறு விழாமல் கையால் மறைத்துக்கொண்டு, பொரியலையும் கூட்டையும் மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்குவார். பாயசம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விசாரித்தால் பேலியோ என்பார். காலையில் எண்ணி ஊறவைத்து நெய்யில் வறுத்த நூறு பாதாம், நடுவில் வெண்ணெய் போட்ட டீ, இரவுக்குக் காலிஃபிளவரைத் துருவி அதையே சோறு என்று நினைத்துக்கொள்வது. ஃபேஸ்புக்கில் 'முன்பு', 'பின்பு' படங்கள் குவிந்தன. அந்தப் படங்கள் பொய்யில்லை. எடை நிஜமாகவே குறைந்தது, சர்க்கரை அளவு இறங்கியவர்களும் உண்டு. ஆனால் அதே ஆள் ரெண்டு வருஷம் கழித்துச் சத்தமில்லாமல் சாம்பார் சாதத்துக்குத் திரும்பியதை யாரும் படம் பிடித்துப் போடவில்லை.

பேலியோ போய் கீட்டோ வந்தது. கீட்டோ போய், பதினாறு மணி நேரம் வாயைக் கட்டுவது வந்தது. இப்போது வசதியுள்ளவர்களுக்கு வாரம் ஒரு ஊசி. ஒவ்வொரு முறை எடை திரும்பும்போதும் டயட் தப்பித்துக்கொள்கிறது. கூண்டில் ஏறுவது சாப்பிட்டவர்தான். "எனக்கு வாய்க்கட்டு பத்தலைங்க" என்று அவரே வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறார்.

அந்த வாக்குமூலத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதற்கு எண்பது வருஷத்துக்கு முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது.

1944 நவம்பர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் வரிசைகளுக்குக் கீழே இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் வந்து தங்கினார்கள். துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ராணுவத்துக்குப் போக மறுத்தவர்கள். ஐரோப்பா பட்டினியில் கிடந்தது. போர் முடிந்ததும் அந்த ஜனங்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, முதலில் யாரையாவது பட்டினி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஆய்வை நடத்தியவர் ஆன்சல் கீஸ். முதல் 12 வாரம் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி கொடுத்தார். அடுத்த 24 வாரம் அதை ஏறக்குறைய 1,570 ஆகக் குறைத்தார். உருளைக்கிழங்கு, டர்னிப், கறுப்பு ரொட்டி, மக்ரோனி, அதுவும் இரண்டே வேளை. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும்.

உடம்பு கால்வாசி கரைந்தது. நாடி மந்தமானது, முடி கொட்டியது, கோடையிலும் குளிர் எடுத்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மனசில் நடந்ததுதான் விசித்திரம். அதுவரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத பையன்கள் சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்து, குறிப்புகளை வரிவரியாகப் படித்தார்கள். சினிமாவுக்குப் போனால் காதல் காட்சி மனசில் ஒட்டவில்லை. படத்தில் யார், எப்போது, என்ன சாப்பிட்டார்கள் என்பது மட்டும் நினைவில் நின்றது. கொடுத்த உருளைக்கிழங்கில் தண்ணீர் விட்டுக் குழைத்து, அளவு கூடியதாக நினைத்துத் தேற்றிக்கொண்டார்கள். தட்டை நக்கினார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு நாற்பது பாக்கெட் சூயிங்கம் வரை மென்றார். டயட்டில் இருந்துகொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு யூடியூபில் மதுரை கறிதோசை வீடியோ பார்க்கிறவர்களுக்கு இதில் எதுவும் புதுச் செய்தியாக இருக்காது.

பட்டினிக் கட்டம் முடிந்து சாப்பாடு கூட்டப்பட்டபோது பசி தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, கூடியது. வயிறு இனி ஒரு கவளம் தாங்காது என்ற நிலையிலும் வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காலி செய்ய வேண்டிவந்தது. இழந்த எடையில் கொழுப்புதான் முந்திக்கொண்டு திரும்பியது, அதுவும் முன்பிருந்ததைவிடக் கூடுதலாக. இவர்கள் கொள்கைக்காக ஊர் ஏச்சைத் தாங்கியவர்கள், பட்டினிக்குத் தாமாக முன்வந்தவர்கள். மன உறுதி போதாது என்று இவர்களைச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. உயரத்தையும் எடையையும் வைத்து மனிதரை அளக்கும் சூத்திரம் பெல்ஜியத்து கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் போட்டது. அதற்கு 1972-ல் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கியவர் இதே ஆன்சல் கீஸ். பட்டினி மனசை என்ன செய்யும் என்று எழுதிவைத்தவரே, நம்மில் பாதிப் பேரை டயட்டுக்கு விரட்டும் எண்ணுக்கும் பெயர் சூட்டினார்.

எண் என்றதும் இன்னொன்று. பெண்களுக்கான டயட் சார்ட்டுகளில் இன்றும் அடிக்கடி கண்ணில் படுவது 1,200 கலோரி. கலிபோர்னியாவில் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1918-ல் எழுதி, விற்பனையில் சக்கைப்போடு போட்ட புத்தகத்திலேயே அந்த அளவு இருக்கிறது. வாரம் 22 மைல் நடந்த இளைஞர்களையும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். இருந்தாலும் விஞ்ஞானிகள் 'அரைப் பட்டினி' என்று பெயர் கொடுத்த அளவைவிட இது முந்நூற்றுச் சொச்சம் குறைவு என்பதை யோசிக்கலாம்.

உடம்பு ஏன் இப்படிப் பழிவாங்குகிறது என்பதற்குப் பிறகு விளக்கம் கிடைத்தது. கொழுப்பு இருப்பைப் பற்றி மூளைக்குத் தகவல் சொல்லும் லெப்டின் 1994-லும், பசியைக் கிளப்பும் கிரெலின் 1999-லும் கண்டுபிடிக்கப்பட்டன. எடை குறைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துச் சோதித்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில் கிரெலின் கூடுதலாகவும் லெப்டின் குறைவாகவுமே இருந்தன. அமெரிக்க டி.வி.யில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்று எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் குழு பரிசோதித்தபோது, அவர்கள் எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்களது உடம்பு எரித்துக்கொண்டிருந்தது. போட்டி முடிந்த செய்தி உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

பட்டினிகூட வேண்டாம், 'கூடாது' என்ற எண்ணமே போதும். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரிப் பெண்களில் சிலருக்கு மட்டும் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்த்துச் சொல்லச் சொல்லி எல்லார் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்கள் தலைகீழ்: ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். விரதம் கெட்டாச்சு, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற கணக்கு. சாயங்காலம் ஒரு பஜ்ஜியைத் தொட்டுவிட்டு, 'திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்' என்று தட்டையே காலி செய்வது இதே கணக்கில்தான்.

இந்தச் சுழலில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துச் சலித்த எவலின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் 1995-ல் முன்வைத்ததுதான் 'இன்ட்யூட்டிவ் ஈட்டிங்'. பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து, எந்தச் சாப்பாட்டையும் குற்றவாளிப் பட்டியலில் வைக்காதே, மனக்கஷ்டத்துக்குச் சாப்பாட்டை மட்டுமே மருந்தாக்காதே. மொத்தம் பத்து கொள்கைகள், அதில் ஊட்டச்சத்துக்குப் பத்தாவது இடம். உணவியல் படித்தவர்களே ஊட்டச்சத்தைக் கடைசியில் தள்ளியது பலருக்கு உறுத்தியது. சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறவர் காதில் நார்ச்சத்து, புரதம் என்று எது சொன்னாலும் இன்னொரு சட்டமாகத்தான் விழும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பசித்துப் புசி என்பது நமக்குத் தெரியாததா என்று கேட்கலாம். தெரியும்தான். பழமொழி உள்ள வீட்டில் பசிக்கு என்ன மரியாதை என்று ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறையில் நின்று பார்க்க வேண்டும். மூன்றாவது தோசையோடு பையன் "போதும்மா" என்கிறான். "இன்னும் ஒரு கரண்டி மாவுதான் இருக்கு, அதை ஃப்ரிட்ஜ்ல வச்சு என்ன பண்றது? சாப்பிட்டுடு கண்ணு." சாப்பிடுகிறான். பக்கத்தில் அவன் அக்கா நெய்க் கிண்ணத்தை இழுத்தால் பாட்டி குரல் வருகிறது: "ஏற்கெனவே பூசினாப்ல இருக்கா, இவளுக்கு எதுக்குடி நெய்?" ஒரு பிள்ளைக்கு வயிறு நிறைந்தது செல்லாது, இன்னொரு பிள்ளைக்குப் பசியே செல்லாது. எல்லாரும் எழுந்த பிறகு அம்மா, பையன் மிச்சம் வைத்த பிய்ந்த தோசையைச் சட்னி வழித்து நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்கிறார். அப்புறம் செல்போனில் டயட் ஆப்பைத் திறந்து, இரவு உணவு ஒரு கப் ஓட்ஸ் என்று பதிகிறார். நின்றுகொண்டு சாப்பிட்டது எந்தக் கணக்கிலும் வராது.

குழந்தைகளுக்குத் தங்கள் வயிறு தெரியும் என்பதை கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1920-களிலேயே பரிசோதித்தார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள் முன்னால் மொத்தம் 34 உணவுகளிலிருந்து எடுத்து வைத்து, எதைக் கேட்கிறார்களோ அதை மட்டும் கொடுக்கச் சொன்னார். ஒரு நாள் முட்டையாகவே தின்றார்கள், ஒரு நாள் பழமாகவே. ஆனால் எல்லாரும் நன்றாகவே வளர்ந்தார்கள். அந்த 34-ல் பிஸ்கட்டோ சாக்லேட்டோ கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாக்கெட் தின்பண்டம் சூழ்ந்த நம் வீடுகளுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தால் நாள் முழுக்க ஜாங்கிரிதானே என்ற பயம் எல்லாருக்கும் வரும். முதலில் கொஞ்ச காலம் அப்படித்தான் நடக்கவும் செய்யும். தீபாவளிப் பலகாரத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் முறுக்கு டப்பாவுக்குச் சண்டை. மூன்றாவது வாரம் அதே டப்பா சீந்துவாரில்லாமல் கிடக்கும். 2011-ல் ஓர் ஆய்வில் சில பெண்களுக்கு மக்ரோனி சீஸ் தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறை கொடுத்தார்கள். தினமும் கிடைத்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள், வாரம் ஒருமுறை கிடைத்தவர்கள் குறைக்கவில்லை. அந்த ஆரம்ப நாட்களில் எடை ஏறலாம். பலர் அங்கேதான் மிரண்டு திரும்புகிறார்கள். இது எடை குறைக்கும் வழி என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அடக்க முடியாமல் அள்ளித் தின்பது குறைவதற்கும், உடம்பின் மேலுள்ள வெறுப்பு தணிவதற்கும்தான் ஆய்வுகள் ஓரளவு துணை நிற்கின்றன.

எல்லாருக்கும் இது உடனே ஒத்துவராது. சாப்பிடவே பயந்து எலும்பும் தோலுமாகிப்போன பெண்ணிடம் 'பசித்தால் சாப்பிடு' என்பது ஆபத்து. அவள் உடம்பில் பசியின் குரல் எப்போதோ அடங்கியிருக்கும். முதலில் மருத்துவர் மேற்பார்வையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தேற வேண்டும். அடுத்தது சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு அது இருக்கிறது, எனவே ஓரத்தில் வைத்துவிட்டுப் போகக்கூடிய விஷயமில்லை. இட்லியைத் தடை செய்யாமல் மூன்றோ நாலோ வைத்துக்கொண்டு, சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டி அதை முதலில் சாப்பிடலாம். ரெண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் எத்தனை இட்லி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று பயமில்லாமல் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர்கள், பசிக்கட்டும் பார்க்கலாம் என்று வேளையைத் தள்ளினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அவர்கள் கடிகாரம் பார்த்துத்தான் தட்டு முன்னால் உட்கார வேண்டும். எப்போது எழுந்திருப்பது என்பதை மட்டும் வயிற்றிடம் கேட்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது, அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.