மீட்டெடுத்த நீர்

டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகன். ‘வணிகர் துறைமுகம்’ என்பது இப்பெயரின் பொருள். சூன் மாதத்தில் இங்குக் கதிரவன் 17 மணி நேரத்திற்கும் மேலாக ஒளிவீசும். ஆயினும், கோடைப்பகலின் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். நீண்ட குளிர்காலத்தைக் கடந்த மக்கள், வெயிலை நாடித் துறைமுகக் கரையில் கூடுவர். பணி முடிந்த மாலைகளில் நீந்தி மகிழ்வர்.

இக்காட்சி எளிதில் வாய்த்ததன்று. ஆலைக்கழிவும் சாக்கடைநீரும் கலந்ததால், இத்துறைமுகநீர் நெடுங்காலம் குளிக்கத் தகாததாய் இருந்தது. பெருமழையின்போது கழிவுநீர் வழிந்தோடாதவாறு நிலத்தடித் தொட்டிகள் கட்டப்பட்டன. சுத்திகரிப்பு முறையும் மேம்படுத்தப்பட்டது. அதன் பயனாக, 2002ஆம் ஆண்டு ஈஸ்லன்ஸ் புருகே என்னும் கரையில் பொது நீச்சல்துறை திறக்கப்பட்டது.

2011 சூலை 2 அன்று கொட்டிய பெருமழை, வீதிகளையும் கட்டடங்களின் நிலவறைகளையும் மூழ்கடித்தது. சாக்கடைகள் மட்டும் போதா என்பதை நகரம் உணர்ந்தது. மழைநீரைப் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் தேக்கும் திட்டம் 2012இல் உருவானது. அதன்படி மாற்றியமைக்கப்பட்ட எங்கவே பூங்கா, வெயில்நாளில் விளையாட்டுத்திடல், பெருமழைநாளில் நீர்த்தேக்கம்.

இன்றும் கனமழையால் கழிவுநீர் கலந்துவிட்டால், நீச்சல்துறை மூடப்படும். மீட்டெடுத்த நீரையும் ஒவ்வொரு மழையின்போதும் காக்கவே வேண்டியுள்ளது.